சீட் இடுக்கில் விழுந்த பொருளை எடுக்கும் முன்

காருக்குள் விழுந்த பொருள் எங்கும் போய்விடுவதில்லை. கம்மல் திருகாணியோ, நாணயமோ, இயர்போனோ, விழுந்த நொடியில் அது பெரும்பாலும் பார்க்க முடிகிற இடத்தில்தான் கிடக்கும். கண்ணுக்கும் கைக்கும் எட்டாத ஆழத்துக்கு அதை அனுப்பிவைப்பது அடுத்த ஒரு நிமிடத்தில் நாம் செய்கிற காரியங்கள்: இடுக்குக்குள் விரலை நுழைப்பது, சீட்டைச் சட்டென்று பின்னே தள்ளுவது, கையில் கிடைத்த குச்சியால் குத்திப் பார்ப்பது. புதிதாக வண்டி வாங்கியவர்களுக்கும், இப்போதுதான் ஓட்டக் கற்றுக்கொள்பவர்களுக்கும் நான் வற்புறுத்திச் சொல்வது ஒன்றுதான். முதலில் பாருங்கள், அதன் பிறகு தொடுங்கள். கீழே வரும் வழிகள் எல்லாம் இந்த வரிசையை நம்பியே இருக்கின்றன.

ஓடும் வண்டியில் விழுந்தால்

வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது விழுந்த எதற்காகவும் குனியாதீர்கள். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் ஒரு நொடியில் 16 மீட்டருக்கு மேல் கடந்துவிடும். சீட்டுக்குப் பக்கவாட்டில் கையை விட்டுத் துழாவ இரண்டே நொடிதான் ஆகும் என்றாலும், அதற்குள் 33 மீட்டர் தூரத்தைச் சாலையைப் பார்க்காமலே கடந்திருப்பீர்கள். குனியும்போது தோள் சாய, ஸ்டீயரிங்கும் கூடவே திரும்பிவிடும். விழுந்தது போன் என்றால் அது மணியடித்துக்கொண்டே கிடக்கட்டும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் எடுத்துத் தருகிறேன் என்று சீட் பெல்ட்டைக் கழற்றினாலும் தடுத்துவிடுங்கள்.

ஓட்டுநரின் காலடிக்கு உருண்டு வரும் பொருளுக்கு மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். தண்ணீர் பாட்டிலோ குழந்தையின் பந்தோ பிரேக் பெடலுக்கு அடியில் போய் நின்றால் பெடல் முழுதாக இறங்காது. காலடியில் ஏதோ உருளும் சத்தம் கேட்டதுமே, பெடல் இன்னும் ஒழுங்காக வேலை செய்யும்போதே, வேகத்தைக் குறைத்து ஓரமாக நிறுத்திவிட வேண்டும். காலால் தட்டி நகர்த்தப் பார்த்தால் அது இன்னும் உள்ளே போய் மாட்டிக்கொள்ளும். பிரேக் இறங்கவே இல்லை என்றால் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, கியரை ஒவ்வொன்றாகக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்து வண்டியை நிறுத்துங்கள். அந்த நேரத்தில் சாவியை மட்டும் உருவிவிடாதீர்கள், ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளக்கூடும்.

தரை விரிப்பையும் இதோடு சேர்த்தே நினைக்க வேண்டும். 2009-இல் டொயோட்டா நிறுவனம் அமெரிக்காவில் சுமார் 38 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. விரிப்பு நகர்ந்து ஆக்ஸிலரேட்டர் பெடலைப் பிடித்துக்கொள்ளலாம் என்பதே காரணம். ஆகவே, பொருளைத் தேட விரிப்பை எடுத்தீர்கள் என்றால், தரையில் இருக்கும் பிடிப்புகளில் அதைத் திரும்ப மாட்டாமல் வண்டியைக் கிளப்ப வேண்டாம்.

நிறுத்திய பிறகு முதல் ஐந்து நிமிடம்

சமதரையில் நிறுத்துங்கள். சரிவில் நின்றால் உருண்டை வடிவப் பொருள்கள் நீங்கள் தேடத் தேட இடம் மாறும். ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, எஞ்சினை அணைத்து, ஏசி விசிறியையும் நிறுத்துங்கள். சாலையோரம் என்றால் போக்குவரத்து இல்லாத பக்கத்துக் கதவு வழியாகவே வேலை செய்யுங்கள். குழந்தைகள் இருந்தால் முதலில் அவர்களைப் பாதுகாப்பான இடத்தில் இறக்கிவிடுங்கள்.

நீங்கள் இறங்குவதற்கு முன் உங்கள் உடையைப் பாருங்கள். நிறையப் பேர் விட்டுவிடுகிற இடம் இது. மோதிரம், திருகாணி, சிம் கார்டு போன்றவை மடியின் மடிப்பிலோ, காற்சட்டையின் விளிம்பிலோ, செருப்புக்கும் பாதத்துக்கும் இடையிலோ தங்கியிருக்கும். அப்படியே எழுந்து இறங்கினால் அது சாலையில் விழும். நீங்களோ வண்டிக்குள் மணிக்கணக்கில் தேடுவீர்கள். மடியில் ஒரு துணியை விரித்துக்கொண்டு உடையை மெல்ல உதறுங்கள். இறங்கியதும் கதவு நிலைப்படியையும் அதற்கு நேர் கீழே உள்ள தரையையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

அடுத்து, விழுந்தபோது என்ன சத்தம் கேட்டது என்று நினைவுபடுத்திப் பாருங்கள். 'டிங்' என்று உலோகத்தில் பட்ட ஒலி என்றால் சீட் நகரும் தண்டவாளமோ அதன் சட்டமோ பக்கத்தில் இருக்கிறது. பிளாஸ்டிக்கில் தட்டித் தட்டி இறங்கிய ஒலி என்றால் சீட்டுக்கும், இரண்டு முன் சீட்டுகளுக்கு நடுவில் இருக்கும் நடுப்பெட்டிக்கும் இடையிலுள்ள சந்து. சத்தமே இல்லையென்றால் கம்பளம், அல்லது சீட்டின் சொந்த மடிப்பு.

இதுவரை சீட்டை நகர்த்தியிருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். விழுந்தது போன் என்றால் இது மிக முக்கியம். நகரும் சீட்டின் இயந்திரத்துக்கும் சட்டத்துக்கும் நடுவில் போன் அகப்பட்டு நசுங்கினால், அதில் உள்ள லித்தியம் பேட்டரி சூடேறித் தீப்பிடிக்கலாம். விமானத்தில் போன் சீட் இடுக்கில் விழுந்தால் சீட்டை அசைக்காமல் பணியாளரைக் கூப்பிடுங்கள் என்று அறிவிப்பதும் இதற்காகத்தான். மின்மோட்டாரால் நகரும் கார் சீட்டுக்கும் அது அப்படியே பொருந்தும். மோட்டாருக்கு வலி தெரியாது, நசுக்கிக்கொண்டே போகும். போன் எங்கே இருக்கிறது என்று கண்ணால் பார்த்த பிறகே பொத்தானைத் தொடுங்கள். ஏற்கெனவே நசுங்கி, சூடாகவோ உப்பியோ இருந்தால், அல்லது புகையோ கடுமையான வாடையோ வந்தால், எடுக்க முயலாமல் எல்லோரும் வண்டியைவிட்டு விலகி நின்று தீயணைப்புத் துறையைக் கூப்பிடுங்கள்.

வெளிச்சத்தைத் தாழ்வாகப் பிடியுங்கள்

டார்ச்சை மேலிருந்து காட்டினால் எல்லாம் ஒரே தட்டையாகத் தெரியும். டார்ச்சைத் தரையோடு தரையாக வைத்து, கம்பளத்தின் மேல் சாய்வாக ஒளி பரவும்படி விடுங்கள். சின்னஞ்சிறு திருகாணிகூடத் தன் உயரத்தைப் போலப் பல மடங்கு நீளமான நிழலைக் கிடத்தும். கல் பதித்த நகை என்றால் மினுங்கும். முன் சீட்டுக்குக் கீழே தேடும்போது விளக்கு முன்பக்கத்தில் இருக்கட்டும், நீங்கள் பின் சீட்டுக் காலடியிலிருந்து பாருங்கள். பிறகு இரண்டையும் மாற்றுங்கள். ஒரே இடத்திலிருந்து எத்தனை முறை பார்த்தாலும் ஒரே இரும்புச் சட்டம்தான் மறைத்துக்கொண்டு நிற்கும்.

தலை நுழையாத இடத்தில் போனின் கேமரா நுழையும். விளக்கை எரியவிட்டு, வீடியோப் பதிவை ஓடவிட்டு, போனைச் சந்தின் வாயில் மெதுவாக நகர்த்துங்கள். பிறகு பதிவை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். போனை முழுதாக உள்ளே விட வேண்டாம், அதுவும் விழுந்தால் வேலை இரட்டிப்பாகும். அடிக்கடி இந்தத் தொல்லை வருகிறவர்கள் போனில் செருகிப் பார்க்கும் எண்டோஸ்கோப் கேமரா ஒன்று வாங்கிவைக்கலாம். பென்சில் பருமன்கூட இல்லாத கேமராவும், அதன் முனையிலேயே சிறு விளக்குகளும் இருக்கும். டேஷ்போர்டுக்கும் கதவுக்கும் உள்ளே பார்ப்பதற்கு இதைவிட நல்ல கருவி எனக்குத் தெரியவில்லை.

விழுந்தது வயர் இல்லாத இயர்போன் என்றால், அது போனோடு இணைப்பில் இருக்கும்வரை ஒலி எழுப்பச் சொல்லும் வசதி பலவற்றில் உண்டு. கதவுகளைச் சாத்தி, எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டுக் கேளுங்கள். ஒலி மிக மெல்லியதாகத்தான் வரும்.

முன் சீட்டைச் சுற்றித் தேட வேண்டிய இடங்கள்

சீட்டுக்கும் நடுப்பெட்டிக்கும் இடையிலுள்ள சந்துதான் எல்லாவற்றையும் விழுங்குகிற இடம். அதை அடைத்துவிட முடியாததற்குக் காரணம் உண்டு. சீட் முன்னும் பின்னும் நகர வேண்டும், சீட் பெல்ட் பக்கிளும் அதோடு சேர்ந்து நகர வேண்டும். இந்தச் சந்தில் விழுந்தது நேராகத் தரைக்குப் போகாமல் பாதிவழியில் தண்டவாளத்தின் மேலோ, பக்கிளின் தண்டுக்குப் பின்னாலோ, வயர்க் கட்டின் மேலோ நின்றிருக்கலாம்.

சீட்டின் முதுகும் அடியும் சேரும் மடிப்பு இன்னொரு இடம். மடிப்புக்குள் விழுந்தது சில சமயம் உள்ளே இருக்கும் கம்பி வலையின் மேல் தங்கிவிடும். அப்போது மேலிருந்து தெரியாது, சீட்டுக்கு அடியில் படுத்து மேல்நோக்கிப் பார்த்தால்தான் தெரியும். பல வண்டிகளில் பின் சீட்டுக்காரர்களின் கால்களுக்குக் காற்று தரும் குழாய் முன் சீட்டுக்கு அடியில் முடிகிறது. அதன் வாய்க்குள்ளும் ஒரு பார்வை விடுங்கள். கம்பளத்தின் வெட்டு விளிம்புகளுக்கு அடியிலும் மெல்லிய அட்டைகள் நுழைந்துகொள்ளும்.

கையை விடுமுன் ஒரு எச்சரிக்கை. சீட்டின் சட்டம் அழுத்தி வெட்டிய இரும்புத் தகடு. வெளியே தெரியாத விளிம்புகளை யாரும் மழுங்கச் செய்து வைப்பதில்லை. கையுறையும் முழுக்கைச் சட்டையும் போடுங்கள். மோதிரம், வளையல், கைக்கடிகாரத்தைக் கழற்றி வையுங்கள். உள்ளே போகும்போது எளிதாகப் போன கை, முஷ்டி மூடியதும் வெளியே வராது. அப்போது இழுக்கக் கூடாது. பிடித்த பொருளை விட்டுவிட்டு, விரல்களை நீட்டி, போன வழியே திரும்பி வர வேண்டும்.

மஞ்சள் நிற இணைப்புகளைத் தொட வேண்டாம்

முன் சீட்டுக்கு அடியில் வயர்கள் ஓடுகின்றன. மஞ்சள் நிறத்தில் இருக்கும் இணைப்பிகளும் உறைகளும் பொதுவாக ஏர்பேக் தொடர்பானவை: சீட்டின் பக்கவாட்டில் பொதிந்திருக்கும் ஏர்பேக், மோதலில் பெல்ட்டை இறுக்கும் கருவி போன்றவற்றுக்குப் போகிறவை. பயணி சீட்டில் ஆள் இருக்கிறாரா என்று அறியும் உணரியின் வயரும் அங்கேதான் இருக்கும். குச்சியாலோ கம்பியாலோ துழாவும்போது இவற்றில் ஒன்று கழன்றால் டேஷ்போர்டில் ஏர்பேக் விளக்கு எரியத் தொடங்கும். விளக்கு எரிகிறது என்றால் மோதலின்போது அந்த ஏர்பேக் விரியும் என்று நம்ப முடியாது. ஹைபிரிட், மின்சார வண்டிகளில் ஆரஞ்சு நிறக் கேபிள் தெரிந்தால் அது உயர் மின்னழுத்தம். அதன் பக்கமே போக வேண்டாம். அவற்றில் சிலவற்றில் பின் சீட்டின் ஓரத்தில் பேட்டரியைக் குளிர்விக்கும் காற்று நுழையும் துளைகள் இருக்கும். அதற்குள் எதுவும் விழுந்தால் நீங்களாகத் திறக்காமல் சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோங்கள்.

எந்தப் பொருளுக்கு எந்தக் கருவி

பொருள் எங்கே இருக்கிறது என்று பார்த்தாகிவிட்டது. இனி அதை எடுப்பது பொருளைப் பொறுத்தது.

சந்தில் செங்குத்தாக நிற்கும் அட்டை, டிக்கெட், ரூபாய் நோட்டு போன்ற தட்டையான பொருளுக்கு இரண்டு கெட்டியான அட்டைகள் போதும். ஒன்றைப் பொருளின் ஒரு பக்கத்தில் இறக்கி, அது மேலும் சரியாதபடி தடுத்துக்கொள்ளுங்கள். மற்றதை அடுத்த பக்கத்தில் இறக்குங்கள். இரண்டையும் சேர்த்து அழுத்தி மேலே இழுத்தால் நடுவில் அதுவும் ஏறி வரும். அட்டையின் உள்பக்கத்தில் இருபக்கமும் ஒட்டும் டேப் ஒட்டிக்கொண்டால் இன்னும் நல்லது.

சிம் கார்டு, மாத்திரை, கல், திருகாணி போன்றவற்றுக்கு மெல்லிய அளவுகோலின் முனையில் அதே டேப்பைச் சுற்றி, பொருளின் மேல் நேராக வைத்து அழுத்தி, சில நொடி பொறுத்து எடுங்கள். பக்கவாட்டில் தொட்டால் ஒட்டாது, தள்ளிவிடும். கம்பளத்தின் தூசி டேப்பின் ஒட்டும் தன்மையைக் கெடுத்துவிடும் என்பதால் ஒவ்வொரு முயற்சிக்கும் புதுத் துண்டு ஒட்டுங்கள்.

சாவி, இயர்போன், பேனா மூடி போன்ற உருவமுள்ள பொருளுக்கு வளையும் பிடிப்பான் சிறந்தது. நீண்ட சுருள்கம்பித் தண்டு. ஒரு முனையில் அழுத்தினால் மறுமுனையில் நான்கு கம்பி விரல்கள் விரியும், விட்டால் மூடிக்கொள்ளும். ஏறத்தாழ 60 சென்டிமீட்டர் நீளத்தில் ஹார்டுவேர் கடைகளில் கிடைக்கிறது. விரல்களைப் பொருளுக்கு மேலே கொண்டுபோய் விரித்து, பிறகு இறக்கி மூடுங்கள். விரித்தபடியே கீழே இறக்கினால் வழியில் இருக்கும் வயரைப் பிடித்துக்கொள்ளும். அந்த நேரத்தில் பலமாக இழுத்தால் என்ன ஆகும் என்று மேலே சொல்லிவிட்டேன்.

காந்தக் கோலை எல்லோரும் முதலில் தேடுகிறார்கள், ஆனால் அது செய்யக்கூடியது குறைவு. தங்கம், வெள்ளி, பித்தளை, செம்பு, அலுமினியம் எதுவும் காந்தத்தில் ஒட்டாது. துருப்பிடிக்காத எஃகிலும் ஒட்டாத வகைகள் உண்டு. பித்தளையில் செய்து மேலே பூச்சுப் போட்ட சாவிகள் ஒட்டாது. ஆனால் அவற்றைக் கோத்திருக்கும் எஃகு வளையம் பெரும்பாலும் ஒட்டும், ஆகவே வளையத்தைக் குறிவையுங்கள். சீட்டின் சட்டம் முழுவதும் இரும்பு என்பதால் காந்தம் வழியெல்லாம் ஒட்டிக்கொண்டு எரிச்சலூட்டும். காந்தத் தலையை ஒரு பிளாஸ்டிக் குழாய்க்குள் வைத்து, நுனி மட்டும் வெளியே தெரியும்படி செய்தால் பக்கவாட்டில் ஒட்டுவது குறையும். காந்தப்பட்டை உள்ள அட்டைகளின் பக்கத்தில் பலமான காந்தத்தைக் கொண்டுபோகாதீர்கள், பட்டையில் உள்ள பதிவு அழியலாம்.

எங்கே கிடக்கிறது என்றே தெரியாத மிகச் சிறிய பொருளுக்கு வாக்குவம் கிளீனர். குழாயின் வாயில் மெல்லிய நைலான் காலுறையை இழுத்துக் கட்டி ரப்பர் பேண்டு போடுங்கள். காற்று போகும், திருகாணி துணியில் தடுக்கப்பட்டு நிற்கும். கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, அவ்வப்போது வாயைத் திருப்பிப் பாருங்கள். இயந்திரத்தை அணைக்கும் முன் குழாயின் வாயை ஒரு தட்டின் மேல் கொண்டுவந்துவிடுங்கள், அணைத்ததும் பிடித்தது விழுந்துவிடும். துணி கட்டாமல் ஏற்கெனவே இழுத்துவிட்டீர்கள் என்றால் தூசிப் பையை ஒரு செய்தித்தாளில் கொட்டிக் கிளறிப் பார்க்காமல் எறியாதீர்கள்.

வளைத்த ஹேங்கர் கம்பி எல்லோர் கையிலும் இருக்கிறது. பயன்படுத்தலாம், ஆனால் அதன் நுனியைத் தவிர மீதி முழுவதும் இன்சுலேஷன் டேப் சுற்றுங்கள், நுனியையும் கூர்மையில்லாமல் மடக்கிவிடுங்கள். வெற்றுக் கம்பியை வயர்கள் ஓடும் இடத்தில் விட்டுத் துழாவுவது எனக்கு உடன்பாடில்லை.

சீட்டை நகர்த்துவது எப்போது, எப்படி

பொருள் தண்டவாளத்தில் இல்லை என்று உறுதியான பிறகு நகர்த்தலாம். சீட்டின் இப்போதைய இடத்தைத் தரையில் ஒரு டேப் துண்டு ஒட்டிக் குறித்துக்கொள்ளுங்கள். உயரத்தை மாற்றும் வசதி இருந்தால் முதலில் முழுதாக மேலே ஏற்றுங்கள்; அடியில் நல்ல இடம் கிடைக்கும். பிறகு சீட்டை ஒரு விரல்கடை அளவு முன்னே நகர்த்திப் பாருங்கள், மறுபடி நகர்த்திப் பாருங்கள். கடைசிவரை முன்னே போனதும் பின்பக்கத்திலிருந்து தேடுங்கள். கடைசிவரை பின்னே போனதும் முன்பக்கத்திலிருந்து தேடுங்கள். கரகரவென்றோ கட்டையாகவோ உணர்ந்தால் அங்கேயே நிறுத்தி, வந்த திசையில் சற்றுத் திருப்பிவிடுங்கள். தண்டவாளத்தில் சிக்கிய நாணயத்தை அழுத்தித் தாண்ட முயன்றால் சீட் அங்கேயே இறுகி நிற்கும். அப்புறம் சீட்டையே கழற்ற வேண்டியிருக்கும்.

அந்தக் கழற்றலை வீட்டில் செய்ய வேண்டாம். நான்கு போல்ட்தானே என்று தோன்றும். ஆனால் அதற்குக் கீழே ஏர்பேக் வயர்கள் இருக்கின்றன, அந்தப் போல்ட்டுகளைத் திரும்ப முடுக்க வேண்டிய இறுக்கம் வண்டிக்கு வண்டி வேறு, மோதலில் உங்களைப் பிடித்து வைத்திருப்பதும் அவைதாம்.

பின் சீட்டின் அடிப்பகுதி இதற்கு நேர் எதிர். பல வண்டிகளில் முன் விளிம்பின் இரு ஓரங்களில் உள்ள கிளிப்புகளிலிருந்து மேல்நோக்கி இழுத்தால் கழன்று வந்துவிடும். சிலவற்றில் போல்ட் உண்டு. உங்கள் வண்டியின் கையேட்டைப் பாருங்கள். குழந்தை இருக்கை மாட்டியிருந்தால் முதலில் அதை எடுத்துவிடுங்கள். உள்ளே காணாமல் போன பல நாள் சாமான்கள் கிடைப்பது இங்கேதான். திரும்ப மாட்டும்போது சீட் பெல்ட் பக்கிள்கள் எல்லாம் மெத்தைக்கு மேலே வந்துவிட்டனவா என்று எண்ணிப் பாருங்கள். ஒன்று அடியில் மாட்டிக்கொண்டால் அடுத்த பயணத்தில் ஒருவர் பெல்ட் இல்லாமல் உட்கார நேரும்.

வேறு சில இடங்கள்

முன் கண்ணாடியின் அடியில், டேஷ்போர்டின் மேல், பனி நீக்கும் காற்று வரும் நீளமான துளை இருக்கிறது. பார்க்கிங் ரசீதும் அட்டைகளும் அதற்குள் நழுவும். விசிறியை ஓடவிட்டு ஊதி வெளியேற்றலாம் என்ற யோசனை வேண்டாம். முகத்தில் தெறிக்கலாம், அல்லது இன்னொரு குழாய்க்குப் போய்விடலாம். வாயருகே தெரிகிறது என்றால் மெல்லிய பிளாஸ்டிக் பட்டையில் டேப் ஒட்டி எடுங்கள். தெரியவில்லை என்றால் அது காற்றைத் திசை திருப்பும் பெட்டிவரை போயிருக்கலாம். காகிதம் பெரும்பாலும் சரசரப்பதோடு சரி. நாணயமோ திருகோ காற்றைத் திருப்பும் மடலை மாட்டவைக்கும், அதற்கு மெக்கானிக்கிடம்தான் போக வேண்டும்.

சார்ஜர் செருகும் 12 வோல்ட் துளையில் நாணயம் விழுந்தால் நடு முனையும் பக்கச் சுவரும் இணைந்து ஃபியூஸ் போய்விடும். வண்டியை அணைத்தாலும் சில வண்டிகளில் அந்தத் துளையில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும். எனவே அதன் ஃபியூஸைக் கழற்றிய பிறகு, மரம் அல்லது பிளாஸ்டிக்கில் செய்த குச்சியில் டேப் ஒட்டி எடுங்கள். உலோக இடுக்கியை உள்ளே விடாதீர்கள். போன ஃபியூஸுக்குப் பதில் அதே ஆம்பியர் ஃபியூஸ்தான் போட வேண்டும். அதிக ஆம்பியர் போட்டால் ஃபியூஸுக்கு முன் வயர் எரியும்.

கதவுக் கண்ணாடிக்கும் ரப்பர் பட்டைக்கும் நடுவில் அட்டை நழுவினால் கண்ணாடியை ஏற்றவோ இறக்கவோ கூடாது. விளிம்பு தெரிந்தால் மேலே சொன்ன இரண்டு அட்டை முறை உதவும். உள்ளே விழுந்துவிட்டால் கதவின் உள்பலகையைக் கழற்றித்தான் எடுக்க வேண்டும். மறைந்திருக்கும் திருகுகள், உடையும் பிளாஸ்டிக் கிளிப்புகள், நீர் உள்ளே வராமல் தடுக்கும் தாள், சில வண்டிகளில் மோதல் உணரி என்று அங்கே கவனிக்க நிறைய இருப்பதால் முதல் முறை செய்பவர்கள் தெரிந்தவரை வைத்துச் செய்யுங்கள். வெறும் காகிதம்தானே என்று விட்டுவிடுவதும் சரியில்லை. கதவின் அடியில் மழைநீர் வடியும் துளைகள் உண்டு. காகிதம் அதை அடைத்தால் உள்ளே நீர் தேங்கி இரும்பு துருப்பிடிக்கும்.

கியர் லீவரைச் சுற்றியோ ஹேண்ட் பிரேக்கைச் சுற்றியோ உள்ள பிளவில் நாணயம் விழுந்தால், லீவர் முழுத் தூரமும் தடையின்றி அசைகிறதா என்று வண்டி நிற்கும்போதே சோதியுங்கள். தடை தெரிந்தால் ஓட்ட வேண்டாம். சோதிக்கும் முன் சக்கரங்களுக்குக் கல் வையுங்கள்.

சீட் பெல்ட் பக்கிளுக்குள் எது விழுந்தாலும் அதை நான் மிகப் பெரிய விஷயமாகவே எடுத்துக்கொள்வேன். குழந்தைகள் நாணயத்தைப் போட்டுவிடுவது உண்டு. பக்கிளைத் தலைகீழாகத் திருப்பித் தட்டிப் பாருங்கள், வாக்குவம் கிளீனரால் இழுத்துப் பாருங்கள். அதற்கு மேல் குத்தவோ எண்ணெய் விடவோ வேண்டாம். 'கிளிக்' என்ற ஒலியோடு மாட்டி, பலமாக இழுத்தும் விடாமல், சிவப்புப் பொத்தானை அழுத்தியதும் உடனே விடுபட வேண்டும். இதில் ஒன்று தவறினாலும் பக்கிளை மாற்றும்வரை அந்த இடத்தில் யாரும் உட்காரக் கூடாது.

எஞ்சின் பகுதியில் திருகோ ஸ்பேனரோ விழுந்தால் எடுக்கும்வரை வண்டியைக் கிளப்பாதீர்கள். சுழலும் பெல்ட்டில் பட்டால் அது எறிகல்லாகும். எஞ்சின் ஆறட்டும், ரேடியேட்டர் விசிறி சில வண்டிகளில் சாவி எடுத்த பிறகும் தானாகச் சுழலத் தொடங்கும். கீழே பிளாஸ்டிக் தட்டு இருந்தால் பொருள் அதன் மேல் கிடக்கலாம். இரும்புப் பொருள்தான் என்றால் காந்தக் கோல் இங்கே உண்மையிலேயே உதவும்.

எதை விடலாம், எதை விடக் கூடாது

கம்பளத்துக்கு அடியில் போன ஒரு நாணயத்துக்காக வண்டியைப் பிரிக்க வேண்டியதில்லை. ஆனால் சிலவற்றைக் கண்டுபிடிக்காமல் விடவே கூடாது. பொத்தான் பேட்டரி முதலாவது: குழந்தை அதை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயைக் கடுமையாக அரித்துவிடும். விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே தேடலை விட்டுவிட்டு நேராக மருத்துவமனைக்குப் போங்கள். மாத்திரைகளும் ஊசிகளும் அதே பட்டியலில் சேரும். சிகரெட் லைட்டரும் அப்படித்தான். வெயிலில் கொதிக்கும் வண்டிக்குள், நகரும் சீட்டுக்கு அடியில் அது கிடக்கக் கூடாது.

மெக்கானிக்கிடம் கொண்டுபோவது என்று முடிவு செய்தால், விழுந்தது என்ன, எந்த இடத்தில், அதன் பிறகு எதை எதை நகர்த்தினீர்கள் என்று சொல்லுங்கள். எடுத்த வீடியோவைக் காட்டுங்கள். விலை உயர்ந்த நகை என்றால் பிரிக்கும்போது பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்வதில் தவறில்லை.

பொருள் கிடைத்ததும் சீட்டை முழுத் தூரமும் ஒரு முறை ஓட்டிப் பார்த்து, டேப் ஒட்டிய இடத்துக்குக் கொண்டுவந்து, உட்கார்ந்து முன்னும் பின்னும் அழுத்தி அது பூட்டிக்கொண்டதை உறுதிசெய்யுங்கள். பூட்டாத சீட் பிரேக் போடும்போது நழுவும். எஞ்சினைக் கிளப்பி, ஏர்பேக் விளக்கு சில நொடிகளில் அணைகிறதா என்றும் பாருங்கள்.

சந்தில் செருகும் நிரப்புப் பட்டைகள் கடைகளில் கிடைக்கின்றன. வாங்குவதானால் பக்கிள் நுழையும் துளை உள்ள, சீட்டோடு சேர்ந்து நகரும் மென்மையான வகையைப் பாருங்கள். அது சீட்டின் பக்கவாட்டு ஏர்பேக் விரியும் இடத்தை மூடக் கூடாது. அந்த இடத்தைச் சீட்டின் ஓரத்தில் தைத்திருக்கும் சிறு பட்டியில் குறித்திருப்பார்கள். பெரும்பாலும் அது கதவை ஒட்டிய பக்கம்தான், சிலவற்றில் நடுப்பக்கத்திலும் உண்டு. பட்டையைச் செருகிய பிறகு பெல்ட்டை மாட்டிக் கழற்றிப் பாருங்கள். பக்கிள் முன்பு போலவே தளர்வாக அசைய வேண்டும்.